வெள்ளைக் காரின் இடது பக்கம்

அந்தப் பெட்டியை நான் வாங்கியது பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில். தொண்ணூறாம் வருஷம், ஜூன் மாதம். வளையல், ஹேர்பின், பவுடர் டப்பாக்களுக்கு நடுவே, வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்ட சாமான்களையும் அந்தக் கடைக்காரர் விற்பார். அதற்காகவே மாதம் ஒரு தடவையாவது ஆவடியிலிருந்து பஸ் ஏறிப் போய்விடுவேன்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் டிரேசர் வேலை. இன்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, மைப் பேனாவால் கோடு கோடாக எடுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிற வேலை. கை அசையக் கூடாது. அதனால்தானோ என்னவோ, வேலை முடிந்து வெளியே வந்ததும் உடம்பு முழுக்கப் பரபரக்கும். வீட்டில் சோறு தின்னும்போதுகூட நடுவில் இரண்டு தடவை எழுந்துவிடுவேன். "ஏட்டி, ஒரு எடத்துல இருக்கவே மாட்டியா?" என்று அம்மா கத்துவாள். அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு. ஊரைவிட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் அம்மாவின் பேச்சில் திருநெல்வேலி கொஞ்சமும் குறையவில்லை.

மாடல் கார் கட்டுகிற பழக்கம் கப்பலில் வேலை பார்த்த மாமாவால் வந்தது. பொம்மைக் கார் என்று நினைத்து ஒரு பெட்டியை அவர் வாங்கி வந்தார். திறந்தால் கார் இல்லை. நூறு பிளாஸ்டிக் துண்டுகள், சீப்பு மாதிரியான சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. "ஏமாத்திட்டான்" என்று மாமா பெட்டியைத் தூக்கி மூலையில் போட்டார். நான் உள்ளே இருந்த படத்தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகப் பிரிந்து, எது எங்கே போய்ச் சேரும் என்று அம்புக்குறி போட்டிருந்தது. நான் தினமும் பார்க்கிற மாதிரியான படம்தான். மூலையில் 1:24 என்று அளவு. நிஜக் காரை இருபத்து நாலாகச் சுருக்கினால் இது. அன்றைக்குப் பிடித்த பித்து. நாலு வருஷத்தில் ஐந்து கார்கள் எங்கள் பீரோ மேலே நின்றன. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் அதைப் பார்த்து, "வீட்ல சின்னப் புள்ள யாரு?" என்று கேட்டார்கள். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கடைக்காரர் அந்தப் பெட்டியை எடுத்துப் போடும்போதே சொன்னார்: "இதுல இன்னாமோ கொறையுது மா. பாத்து எடுத்துக்கோ. அப்பாலிக்கு வாபஸ்னு வந்து நிக்காதே."

நான் எதையும் பார்த்து எடுக்கிற ஆள் இல்லை. பஸ் காடுவெட்டி தாண்டும்போதுதான் மூடியைத் திறந்தேன். இன்ஜின் இருந்தது. சக்கரம், சீட்டு, அடித்தட்டு, கண்ணாடி எல்லாம் இருந்தன. காரின் மேற்கூடு மட்டும் இல்லை. மூடியில் நீளமான வெள்ளைக் காரின் படம். உள்ளே அந்தக் காரைக் காரென்று காட்டுகிற ஒன்றே ஒன்று இல்லை. பருத்திப்பட்டில் இறங்கி, எதிர்ப் பக்கம் நின்று, முதலில் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனேன்.

"நான்தான் சொன்னேனே" என்றார் கடைக்காரர். நான் வாபஸ் கேட்கவில்லை, இதை விற்றது யார் என்றுதான் கேட்டேன். மசூதித் தெருவில் ஒரு வீட்டை அடையாளம் சொன்னார். "ஊட்டுக்காரரு குவைத்துல கீறாரு. அந்தம்மா ஜமிக்கி தைக்கும். போய்க் கேட்டுப் பாரு."

பச்சைக் கதவு. திறந்தவளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். பின்னால், சுவரோரம் ஒரு கண்ணாடி ஷோகேஸ். அதில் சீனாப் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே அந்த வெள்ளைக் கூடு இருந்தது. சக்கரம் இல்லாமல், வயிறு தரையில் பட, வெறும் ஓடாக.

வந்த விஷயத்தைப் படபடவென்று சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "அது குடுக்கறதுக்கு இல்லம்மா" என்றாள்.

"மத்ததெல்லாம் கடையில போட்டுட்டீங்களே அக்கா?"

"அது பூரா துண்டு துண்டா கெடந்துச்சி. என் மாமியார் குப்பைன்னு நெனச்சி வித்துட்டாங்க. இது மட்டும் வண்டி மாரி இருந்துச்சி, எடுத்து வச்சிக்கினேன்." பிறகு ஷோகேஸைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "எங்க மச்சான் அங்க ஓட்டற வண்டி இதுதான். இதே வெள்ளை. அதான் அனுப்பினாரு."

கணவனைத்தான் மச்சான் என்றாள். அவர் ஒரு முதலாளி வீட்டில் டிரைவர். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது மொத்தம் ஏழு மாதம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கூடு ஒரு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, எனக்குக் கிடைக்காது என்பதுதான்.

வீட்டுக்கு வந்து அடித்தட்டைக் கட்ட ஆரம்பித்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்பும்வரை. பசை என்று தனியாக எதுவும் கிடைக்காது. பெயிண்ட்டில் கலக்கிற தின்னரில் உதிரிப் பிளாஸ்டிக்கைக் கரைத்து நானே கூழ் மாதிரி செய்து வைத்திருந்தேன். அதைத் தொட்டு வைத்தால் இரண்டு துண்டும் ஒன்றாகவே உருகிச் சேர்ந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது. இன்ஜின் முடிந்தது. சக்கரம் சுழன்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை பிஸ்கட் டின்னில் வைத்து எடுத்துப் போய் அவளிடம் காட்டினேன்.

அவள் அதைக் கையில் வாங்கிச் சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிகிற" என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஜூலையில் மறுபடி ஒரு தடவை போனேன். வெயில் நேரத்தில் வந்தவளுக்கு டீ கொடுத்தாள். கூட்டைக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. அப்பா ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது என்று வாசித்தார்கள். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

இதை எழுதலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இனிமேல் அவள் அந்தக் கூட்டைக் கொடுத்துவிடுவாளா என்பதுதான். அவள் கணவனைப் பற்றிய நினைப்பு இரண்டாவதாகத்தான் வந்தது. ஒரு நிமிஷ இடைவெளிகூட இருக்காது. ஆனாலும் இரண்டாவதுதான். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்து நின்றேன்.

ஞாயிறன்று வெறுங்கையோடு போனேன். கதவைத் தட்டியதும் உள்ளே ஓடிவருகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே தொங்கிவிட்டது.

"நீயா" என்றாள். "தந்திக்காரன்னு நெனச்சேன்."

உள்ளே மாமியார் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து உட்கார்ந்திருந்தார். போன் கிடைக்கவில்லை. கடிதம் போகாது, வராது. தைக்க வேண்டிய புடவை கட்டிலில் மூன்று நாளாக விரித்தபடி கிடந்தது. "ஊசிய எடுத்தா காது ரேடியோகிட்டயே போவுது. சும்மா குந்தினு இருந்தா பைத்தியம் புடிச்சிரும் போல கீது" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை, சுவரிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. இப்போதும் வராது. அரை மணி நேரத்தில் நாலு தடவை எழுந்து உட்கார்ந்தேன். கிளம்பும்போது அவளாகவே ஷோகேஸைத் திறந்தாள். கூட்டை எடுத்து முந்தானையால் தூசி துடைத்தாள்.

"எடுத்துனு போவக் கூடாது. இங்கயே வச்சி செய். நானும் செய்யறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஞாயிறு மட்டும். பிறகு புதன், வெள்ளி என்று வேலை விட்டதும் அம்பத்தூரிலிருந்து நேராகப் போக ஆரம்பித்தேன். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவைத்தேன். படத்தைப் பார்த்து எது எதற்கு அடுத்தது என்று நான் சொல்வேன். கைவேலை அவளுடையது. ஜமிக்கி தைத்த விரல்கள். கதவுப்பிடி என்று அரிசி நொய் அளவுக்கு ஒரு துண்டு வரும். நான் பத்து தடவை கீழே போடுவதை அவள் ஊசி முனையில் ஒற்றி எடுத்து, ஒரே தடவையில் வைத்துவிடுவாள். பின் விளக்குக்குச் சிவப்புச் சாயம் இல்லையே என்று நான் யோசித்தபோது, அலமாரியிலிருந்து திறக்காத நகப்பாலிஷ் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள். "மச்சான் அனுப்பினது. போட்டுகினா தொழுகைக்கு ஆவாது, அப்படியே கெடக்குது." தீக்குச்சி முனையால் இரண்டு பொட்டு வைத்தாள். விளக்கு எரிகிற மாதிரியே இருந்தது.

வேலை செய்யும்போது ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். விமானத்தில் ஆட்களை பம்பாய்க்குக் கொண்டுவருகிறார்கள் என்றார்கள். எதிர்த் தெருவில் ஒருவர் வந்துவிட்டார். அவள் மாமியார் போய் விசாரித்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஆகஸ்ட் முடிந்தது. செப்டம்பரும் பாதி போனது.

ஒன்றைக் கவனித்தேன். அவள் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஒட்டியதைக் காய்வதற்குள் சரியில்லை என்று பெயர்த்தாள். போன ஞாயிறு முடிந்த சீட்டை இந்த ஞாயிறு மறுபடி தேய்த்தாள். எனக்கோ பொறுக்கவில்லை. முடிய இன்னும் ஒரு மணி நேர வேலைதான் பாக்கி, உள்பகுதியைக் கூட்டுக்குள் பொருத்தி அடித்தட்டோடு சேர்த்துவிட்டால் கார் நின்றுவிடும். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தையே மனதுக்குள் செய்துகொண்டு வருவேன். "இன்னிக்கு முடிச்சிரலாமாக்கா?" என்று கேட்டால், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பாள்.

ஏன் தள்ளிப்போடுகிறாள் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தெருமுனை மளிகைக் கடையிலிருந்து பையன் ஓடிவந்தான். அந்தக் கடை நம்பரைத்தான் குவைத்தில் இருந்த அவள் கணவனிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். "போன் வந்துகீது, பம்பாய்லேர்ந்து! சீக்கிரம் வாங்க!" அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பின்னாலேயே மாமியாரும் போனார்.

வீட்டில் நான் மட்டும். எதிரே பாயில் கூடு, அடித்தட்டு, கூழ் பாட்டில். வந்துவிட்டார், பம்பாய் வந்துவிட்டார் என்று மனது குதித்தது. அவள் திரும்பி வரும்போது கார் முழுசாக நிற்க வேண்டும் என்று தோன்றியது. கை தானாகப் போனது. உள்பகுதியைப் பொருத்தினேன். ஓரமெல்லாம் கூழ் தடவினேன். கூட்டை மேலே வைத்து அழுத்திப் பிடித்தேன். நூறு எண்ணினேன். பாயில் வைத்தேன். நாலு சக்கரத்தில் நின்றது. அவ்வளவு அழகான காரை அதற்கு முன்னால் நான் கட்டியதே இல்லை.

அவர்கள் மெதுவாக நடந்து வந்தார்கள். பேசியது அவள் கணவன் இல்லை. அதே பெயருள்ள வேறு ஒருவர், வேறு தெருக்காரர், தன் வீட்டுக்குத் தகவல் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். கடைப் பையன் பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறான்.

அவள் பாயைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.

"யாரு ஒட்டச் சொன்னது உன்ன?"

"அக்கா, நான் வந்துட்டாருன்னு நெனச்சி…"

"யாரு ஒட்டச் சொன்னது?" குரல் உடைந்தது. "இது முடியறதுக்குள்ள அவரு வந்துருவாருன்னு நான் நெனச்சிகினு இருந்தேன். தெனம் இன்னும் கொஞ்சம் பாக்கி கீதுன்னு நெனச்சிகினுதான் எழுந்துக்கினு இருந்தேன். முடிச்சிட்டியே. இப்ப நான் இன்னா செய்வேன்?"

மாமியார் அவள் தோளைப் பிடித்தார். அவள் கையை உதறிவிட்டு என் கைப்பையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "போ. இனிமே வராதே."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் ஆவடிவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.

அடுத்த மூன்று வாரம் எப்படிப் போனது என்று சரியாக நினைவில்லை. ஆபீஸில் ஒரு தாளில் இரண்டு தடவை மை சிந்தினேன். ஒரு ஞாயிறு பூந்தமல்லிக்கு முன்னால் கரையான்சாவடிவரை போய், அங்கேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அம்மா சந்தேகமாகப் பார்த்தாள். "ஓவர்டைம் நின்னு போச்சா?" என்றாள். நடந்ததை முழுவதும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "மாப்ள உசுரோட வந்தா சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையில் அரிசி போட்டாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கினாள். கூடவே, சட்டை உடம்பில் நிற்காமல் தொங்க, தாடி வளர்ந்த ஒரு மனிதர். அவர் கையில் என் பிஸ்கட் டின்.

நான் ஓடிப்போய் அவள் எதிரே நின்றேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"எட்டு நாளாச்சி வந்து. ஊட்ட தேடிக் கண்டுபுடிக்கத்தான் லேட்டாயிருச்சி. இவரு இன்னா சொல்றாருன்னு கேளு."

அவர் டின்னைத் திறந்து காரை மேஜைமேல் வைத்தார். ஒரு சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "எல்லாம் கரெக்டா செஞ்சிகிறீங்கம்மா. ஆனா ஸ்டீரிங் வலது பக்கம் கீது. அங்க இடது பக்கம்."

எனக்கு முகம் சூடானது. அந்தப் பெட்டியில் இரண்டு விதமான டேஷ்போர்டும் இருந்தன. எந்த நாட்டுக்கு எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வழக்கப்படி நான் வலது பக்கத்தை எடுத்துவிட்டேன். அவர் எந்த நாட்டில் ஓட்டினார் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மாத்த முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"ஒட்டிட்டேனே அண்ணா. பிரிச்சா உடைஞ்சிரும்."

"உடைஞ்சா உடையட்டும்" என்றாள் அவள்.

மிச்சத் துண்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. இடது பக்க டேஷ்போர்டைத் தேடி எடுத்து வந்தேன். பிளேடை அவள் வாங்கிக்கொண்டாள். தையல் பிரிக்கிற மாதிரி ஓரத்தில் நூலளவு நூலளவாக அறுத்துக்கொண்டே போனாள். அம்மா சமையலறை வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேச ஆரம்பித்தது அப்போதுதான். யாரும் கேட்கவில்லை.

முதலாளி குடும்பம் முதல் நாளே வேறு வண்டியில் ஓடிவிட்டது. இவரிடம் அந்த வெள்ளைக் காரின் சாவி இருந்தது. வண்டியை ஒரு மாதம் ஒளித்து வைத்திருந்தார். பிறகு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஈராக் வழியாக ஜோர்டான் எல்லைக்கு. ராத்திரி பகலாக ஓட்டினார். எல்லையில் வண்டியை விடமாட்டோம், நடந்து வா என்றார்கள். மணலில் ஓரம் கட்டி நிறுத்தினார்.

"சாவிய அதுலயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றார். "கதவச் சாத்தினேன். கண்ணாடிய ஏத்தி உட்டேன், மணல் பூந்துரும்னு. அப்பறம் யோசிச்சேன், யாருக்காகடா ஏத்தறேன்னு. கூட வந்தவங்க பத்தடி போயிட்டாங்க. நான் இன்னும் அங்கியே நின்னுகினு இருந்தேன்."

பிளேடு முன் கண்ணாடியைத் தாங்கும் தூணருகே வந்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. தூணில் விரிசல். அவள் நிறுத்தவில்லை. கூடு கழன்று வந்தது. நான் பழைய டேஷ்போர்டை நெம்பி எடுத்தேன். புதியதை அவரே வைத்தார். பெரிய விரல்கள், நாலைந்து தடவை தவறவிட்டார். நாங்கள் இருவரும் உதவப் போகவில்லை. ஸ்டீரிங் வளையத்தை அதன் முளையில் பொருத்தியதும், சுண்டு விரல் நகத்தால் அதை ஒரு பக்கமாக லேசாகத் தள்ளிப் பார்த்தார். சுழலாது, அது ஒட்டிய ஸ்டீரிங். ஆனாலும் தள்ளிப் பார்த்தார்.

மறுபடி ஒட்டலாமா என்று நான் அவளைக் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். "நீயே ஒட்டு" என்றாள்.

அம்மா அவர்களைச் சாப்பிடாமல் விடவில்லை. அவர் இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அன்னிக்குக் கத்தினதுக்கு மனசுல வச்சிக்காத" என்றாள். நானும் ஒன்றைச் சொல்லிவிட்டேன். ரேடியோவில் அந்தச் செய்தி கேட்ட காலையில் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை. சொல்லாமல் இருந்தால் நெஞ்சில் நின்றுகொண்டே இருந்திருக்கும்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. "தெரியும்" என்றாள். "அந்த ஞாயித்துக்கெழம உள்ள வந்ததும் நீ மொதல்ல ஷோகேஸத்தான் பாத்தே."

ஆட்டோ கிளம்பியது.

ஒன்றரை வருஷம் கழித்து அவர் மறுபடி வெளிநாடு போனார், வேறு நாட்டுக்கு. இந்தத் தடவை அவளையும் கூட்டிக்கொண்டார். அதுவரை மாதம் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. பாயில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். எழுந்திருக்கக் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்திருப்பேன். கால் தானாக ஆடும். அவள் தையலிலிருந்து தலை தூக்காமலேயே ஒரு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்துவாள். அதில் எல்லா நிறத்திலும் கலந்து கிடக்கும் ஜமிக்கிகள். பச்சையைத் தனியாக, சிவப்பைத் தனியாக நான் பொறுக்க ஆரம்பிப்பேன்.